மேடையில் சிப்பாய், டீக்கடையில் சிப்பாய்: இராணுவ உடையும் பேச்சுரிமையும்

கேட்கப்பட்டதை முதலில் சுருக்கித் தந்துவிடுகிறேன். பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் தமிழ் இளைஞர் குழு ஒன்று ஞாயிறு மாலைகளில் தெருநாடகம் போடுகிறது. அதில் இருவர் இராணுவ வீரர்களாக நடிக்கிறார்கள். உடை வாடகைக் கடையில் எடுத்தது. நாடகம் முடிந்ததும் அதே உடையோடு டீ குடிக்கப் போனபோது, கடைக்காரர் "ஜவான்களிடம் காசு வாங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். இவர்களும் சிரித்துக்கொண்டே வந்துவிட்டார்கள். சற்று நேரத்தில் அங்கு வந்த காவலர் ஒருவர், இராணுவ உடை அணிவதே குற்றம், வழக்குப் பதிவு செய்வேன் என்று எச்சரித்து அனுப்பியிருக்கிறார். அமெரிக்காவில் வீரப் பதக்கம் பெற்றதாகப் பொய் சொல்வதுகூடப் பேச்சுரிமைக்குள் அடங்கும் என்று தீர்ப்பு இருக்கிறதே, நம் நாட்டில் நாடக உடைக்குக்கூடப் பாதுகாப்பு இல்லையா என்பது அவர்களின் கேள்வி.

காவலர் சொன்னது சட்டமில்லை. நாடகத்தில் இராணுவ உடை அணிவது குற்றமாகாது. ஆனால் நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட அந்த டீக்கடை நிகழ்ச்சியைத்தான் நான் இரண்டு முறை திரும்பப் படித்தேன். இந்தச் சட்டத்தின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது.

இந்த விஷயத்தில் எனக்கு இரண்டு பக்கமும் பற்று உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த நகரத்தில் முப்பது ஆண்டுகளாக வழக்கறிஞராக இருக்கிறேன். பேச்சுரிமையைக் குறுக்கும் எந்த ஆணையையும் சந்தேகத்தோடு பார்ப்பது என் தொழில் தந்த பழக்கம். என் தந்தை, நீங்கள் நாடகம் போடும் அதே ஏரிக்கரையில் இருக்கும் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் (எம்.இ.ஜி.) படைப்பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் படைப்பிரிவின் வீரர்களைத் 'தம்பி' என்றே இராணுவத்தில் அழைப்பார்கள். குடியரசு தினத்துக்கு முந்திய இரவு அவர் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பதக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் விரித்த செய்தித்தாளின்மேல் வைத்து, பழைய பனியன் துணியால் துடைப்பார். ரிப்பனில் விரல் படாமல் உலோகத்தை மட்டும் துடைப்பதற்கு அவருக்கு ஒரு முறை இருந்தது. அந்த உடைக்கு இருக்கும் மதிப்பை நான் அங்கே கற்றேன். எனவே அந்த மதிப்பைக் குறைப்பதற்காக நான் இதை எழுதவில்லை.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-வது பிரிவுதான் இங்கே முதன்மையானது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 140-வது பிரிவாக இருந்தது. தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகியவற்றில் பணியில் இல்லாத ஒருவர், அப்படைகளின் வீரர் அணியும் உடையை ஒத்த உடையையோ அடையாளச் சின்னத்தை ஒத்த சின்னத்தையோ, தன்னை அப்படைவீரர் என்று மற்றவர் நம்ப வேண்டும் என்னும் உள்நோக்கத்தோடு அணிந்தாலோ வைத்திருந்தாலோ, மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பழைய சட்டத்தில் அபராதம் 500 ரூபாய். மற்றபடி பிரிவின் வாசகம் ஏறக்குறைய 1860-ல் எழுதியபடியே இருக்கிறது. காவல்துறை பிடியாணை இல்லாமலே நடவடிக்கை எடுக்கலாம் என்றாலும், இது ஜாமீனில் விடத்தக்க குற்றம்.

இந்தப் பிரிவின் முழுப் பாரத்தையும் சுமப்பது 'நம்ப வேண்டும் என்னும் உள்நோக்கம்' என்ற தொடர்தான். உடை ஒத்திருந்தது என்று மட்டும் காட்டினால் போதாது; பார்ப்பவர் உங்களை உண்மையான வீரர் என்று நம்ப வேண்டும் என்று நீங்கள் விரும்பினீர்கள் என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். பறையடித்துக் கூட்டம் சேர்த்து, "இது நாடகம்" என்று அறிவித்துவிட்டு, வட்டத்துக்குள் நின்று வசனம் பேசுகிறவருக்கு அந்த உள்நோக்கம் இருந்ததாக எந்த நீதிமன்றமும் ஏற்காது. பள்ளி மாறுவேடப் போட்டியில் நிற்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கும், சினிமாவில் மேஜராக வரும் நடிகருக்கும் இதே தொடர்தான் காப்பு.

இங்கிலாந்தின் 1894-ஆம் ஆண்டுச் சீருடைச் சட்டத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அது அனுமதியில்லாமல் இராணுவச் சீருடை அணிவதையே தடைசெய்துவிட்டு, உரிமம் பெற்ற அரங்கில் நடக்கும் நாடகம், இசையரங்கு, சர்க்கஸ் போன்றவற்றுக்கு மட்டும் விலக்குத் தருகிறது. அந்த வாசகத்தின்படி பார்த்தால் தெருமுனையில் போடும் நாடகம் விலக்குக்குள் வருமா என்பதே கேள்வியாகிவிடும். நம் சட்டத்தில் நாடகத்துக்கென்று விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. ஆனால் உள்நோக்கத்தைக் குற்றத்தின் கூறாகவே வைத்துவிட்டதால், அரங்கமா, தெருவா, குடியிருப்புச் சங்க விழாவா என்று பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. இந்த ஒரு விஷயத்தில் நம் பழைய சட்டம் அவர்களுடையதைவிடத் தாராளமானது.

சரி, டீக்கடைக்குப் போவோம். நாடகம் முடிந்துவிட்டது, பறையும் இல்லை, பார்வையாளர் வட்டமும் இல்லை. உங்களை முன்பின் அறியாத ஒருவர், உடையைப் பார்த்து ஜவான் என்று நம்புகிறார். அந்த நம்பிக்கையினால் தனக்கு வர வேண்டிய காசை விட்டுக்கொடுக்கிறார். "அண்ணா, நாங்கள் நாடகக்காரர்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். சொல்லவில்லை. அந்த மௌனத்திலிருந்து உள்நோக்கத்தை ஊகிக்க முடியுமா என்று ஒரு அரசு வழக்கறிஞர் கேட்டால், நான் எதிர்த்து வாதிடுவேன், அற்பமான தீங்கைக் குற்றமாகக் கொள்ளக் கூடாது என்னும், அதே சன்ஹிதாவின் 33-வது பிரிவையும் எடுத்துக் காட்டுவேன், வெல்லவும் கூடும். ஆனாலும் அவர் கேட்பது அபத்தமான கேள்வி என்று என்னால் சொல்ல முடியாது. ஏனென்றால், பேச்சாக இருந்த ஒன்று பேச்சல்லாத வேறொன்றாக மாறுவது அப்படிப்பட்ட ஒரு நொடியில்தான்.

அந்த எல்லையைக் கடந்து உள்ளே போகப் போக, சட்டம் கடுமையாகிக்கொண்டே போகும். படை அதிகாரிகள் பொது ஊழியர் என்னும் வரையறைக்குள் வருபவர்கள். அப்படி ஒரு பதவியில் இருப்பதாக நடித்து, அந்தப் பதவியின் பெயரால் ஏதேனும் ஒரு காரியத்தைச் செய்தாலோ செய்ய முயன்றாலோ, 204-வது பிரிவின்படி ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் உண்டு. பழைய சட்டத்தில் இது அதிகபட்சம் இரண்டு ஆண்டுகளாக இருந்தது, குறைந்தபட்ச தண்டனையும் இல்லை. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 319-வது பிரிவின்படி ஐந்து ஆண்டுகள் வரை. ஏமாற்றிப் பணத்தையோ பொருளையோ வாங்கினால் 318-வது பிரிவின்படி ஏழு ஆண்டுகள் வரை. இராணுவ வளாகம் ஒன்றுக்குள் நுழைவதற்காகவோ, நாட்டின் பாதுகாப்புக்குக் கேடான வேறு நோக்கத்துக்காகவோ சீருடையைப் பயன்படுத்தினால், 1923-ஆம் ஆண்டு அலுவல் இரகசியச் சட்டத்தின் 6-வது பிரிவு வரும். அதற்கு மூன்று ஆண்டுகள் வரை சிறை. இராணுவச் சீருடையைப் போன்ற உடையைத் தன் காவலாளிகளுக்கு மாட்டிவிடும் தனியார் பாதுகாப்பு நிறுவன உரிமையாளருக்கும் தனியாக ஒரு தண்டனை இருக்கிறது: தனியார் பாதுகாப்பு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-வது பிரிவு, ஓராண்டு வரை சிறை.

அப்படியானால், தெருவோரக் கடையில் தொங்கும் பச்சைப் புள்ளிக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறவரின் நிலை என்ன? 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தைத் தாக்கியவர்கள் இராணுவ உடையில் வந்தார்கள். அதன்பின், போர்ச்சீருடையை ஒத்த துணிகளைப் பொதுமக்கள் அணிய வேண்டாம், வணிகர்கள் விற்க வேண்டாம் என்று இராணுவம் கேட்டுக்கொண்டது. 2022 இராணுவ தினத்தன்று, தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனத்தின் துணையோடு உருவான புதிய போர்ச்சீருடை அறிமுகமானது. அதன் வடிவமைப்பை இராணுவம் பதிவும் செய்துகொண்டது. பதிவு பெற்ற வடிவத்தை நகலெடுத்துத் தயாரிப்பவர்மீதும் விற்பவர்மீதும் உரிமையியல் நடவடிக்கை எடுக்கலாம். இராணுவத்தின் வேண்டுகோள் நியாயமானது, நான் மதிக்கிறேன், என் வீட்டில் யாரும் அந்தத் துணியை அணிவதில்லை. ஆனால் வேண்டுகோள் வேறு, சட்டம் வேறு. அடிப்படை உரிமையைக் கட்டுப்படுத்துவதானால் அது சட்டத்தின் வழியாகவே நடக்க வேண்டும், சட்டப் பின்புலமற்ற ஒரு துறைச் சுற்றறிக்கையால் நடக்கக் கூடாது என்று, தேசிய கீதத்தைப் பாட மறுத்த கேரளக் குழந்தைகளின் வழக்கில், பிஜோ இம்மானுவேல் தீர்ப்பாக உச்ச நீதிமன்றம் 1986-லேயே சொல்லிவிட்டது. உங்களை நிறுத்திய காவலரின் மனத்தில் ஓடியதும் அந்த 2016 வேண்டுகோளாக இருந்திருக்கலாம்.

பேச்சுரிமை இதில் எங்கே வருகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அரசியலமைப்பின் 19(1)(அ) உறுப்பு தருவது பேச்சுரிமை மட்டுமில்லை, வெளிப்பாட்டு உரிமையும்கூட. தேசியக் கொடியை ஏற்றுவது ஒரு வெளிப்பாடு என்று நவீன் ஜிண்டால் வழக்கில் 2004-லும், ஒருவர் தன் பாலினத்தை உடையால் வெளிப்படுத்துவதும் இந்த உரிமைக்குள் அடங்கும் என்று திருநங்கையர் உரிமை குறித்த 2014 தீர்ப்பிலும் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆகவே, போரைப் பற்றி ஒரு கருத்தைச் சொல்வதற்காக நீங்கள் அணியும் நாடக உடையும் வெளிப்பாடுதான்.

இந்த உரிமைக்கு அரசு எல்லை வகுக்க முடிவது 19(2) உறுப்பு எண்ணி வைத்திருக்கும் காரணங்களுக்காக மட்டுமே: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாட்டு நல்லுறவு, பொது ஒழுங்கு, கண்ணியமும் ஒழுக்கமும், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல். இந்தப் பட்டியலை நான் இளம் வழக்கறிஞர்களுக்கு மெதுவாக வாசித்துக் காட்டுவதுண்டு, ஏனென்றால் அதில் 'பொய்' என்ற சொல் இல்லை. ஒரு கூற்று பொய்யானது என்பது மட்டுமே அதைத் தடைசெய்யக் காரணமாகாது. மத்திய அரசைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று அரசின் குழுவே முடிவு செய்யலாம் என்றிருந்த விதியை மும்பை உயர் நீதிமன்றம் 2024-ல், குணால் காம்ரா வழக்கில், செல்லாது என்று அறிவித்தபோதும் இந்த அடிப்படை அங்கே பேசப்பட்டது.

அப்படியிருக்க, 168-வது பிரிவு எதன்மேல் நிற்கிறது? என் புரிதலில், அரசின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்னும் இரண்டு தூண்களின்மேல். கலவரத்தின்போது சீருடையைப் பார்த்து ஒதுங்கி வழிவிடுகிறோம். வெள்ளத்தின்போது சீருடை நீட்டும் கையைக் கேள்வி கேட்காமல் பற்றுகிறோம். அந்த நம்பிக்கையைப் போலிகள் கையாளத் தொடங்கினால் உண்மையான வீரரையும் மக்கள் நிறுத்தி அடையாள அட்டை கேட்பார்கள். கட்டுப்பாட்டுக்கும் காரணத்துக்கும் இடையே நெருங்கிய தொடர்பு இருக்க வேண்டும், தொலைவான ஊகம் போதாது என்று 1960-ல் ராம் மனோகர் லோகியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மற்றவரை நம்பவைக்கும் உள்நோக்கத்தோடு அணியும் உடைக்கு அந்த நெருக்கம் இருக்கிறது. தெருநாடகத்துக்கு இல்லை.

இனி அமெரிக்கா. நீங்கள் குறிப்பிட்டது சேவியர் அல்வாரெஸ் வழக்கு. கலிபோர்னியாவில் ஒரு நீர் வாரியத்தின் உறுப்பினரான அவர், 2007-ல் ஒரு கூட்டத்தில், தான் 25 ஆண்டுகள் மரைன் படையில் இருந்ததாகவும் 1987-ல் அந்நாட்டின் உயரிய வீரப் பதக்கத்தைப் பெற்றதாகவும் சொன்னார். இரண்டும் பொய். பதக்கம் பெற்றதாகப் பொய் சொல்வதையே குற்றமாக்கிய 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவர் தண்டிக்கப்பட்டார். 2012-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. பொய்யர்களை அம்பலப்படுத்தும் வேலையை மக்களே செய்துகொள்ளலாம், அதற்குச் சிறை தேவையில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. மறு ஆண்டே, 2013-ல், பணமோ சொத்தோ வேறு உறுதியான ஆதாயமோ பெறும் நோக்கத்தோடு அப்படிப் பொய் சொன்னால் மட்டும் குற்றம் என்று சட்டத்தைக் குறுக்கி எழுதி மீண்டும் நிறைவேற்றினார்கள். தவிரவும், அல்வாரெஸ் வாயால் சொன்னவர். அங்கேயும் அனுமதியின்றிச் சீருடை அணிவதற்குத் தனியாக ஒரு தண்டனைப் பிரிவு இன்றும் இருக்கிறது.

உங்களுக்கு நெருக்கமான வழக்கு வேறொன்று. 1967 டிசம்பரில், வியட்நாம் போரை எதிர்த்து, ஹூஸ்டன் நகரில் இராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் மையத்தின் முன்னால் டேனியல் ஷாக்ட் என்பவரும் வேறு இருவரும் ஒரு குறுநாடகம் போட்டார்கள். இருவர் இராணுவ உடையில், சிவப்பு நீர் நிரப்பிய தண்ணீர்த் துப்பாக்கியால் மூன்றாமவரைச் சுடுவார்கள். விழுந்தவரை நெருங்கிப் பார்த்துவிட்டு, அது ஒரு கர்ப்பிணிப் பெண் என்று கூவுவார்கள். ஷாக்டுக்கு ஆறு மாதச் சிறையும் 250 டாலர் அபராதமும் கிடைத்தன. நடிகர்கள் சீருடை அணியலாம், ஆனால் படைக்கு இழுக்கு வராதபடி இருந்தால் மட்டுமே என்று அங்கே சட்டம் இருந்தது. தெருவில் நடந்தது நாடகமே இல்லை என்றும் அரசுத் தரப்பு வாதிட்டுப் பார்த்தது. 1970-ல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை: தெருவில் போட்டாலும் நாடகம் நாடகமே, இராணுவத்தைப் புகழ்கிறவர் உடை அணியலாம், கண்டிக்கிறவர் அணியக் கூடாது என்பது பேச்சுரிமைக்கு முரண். இந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் அதன் நியாயம் நம் 19-வது உறுப்போடும் இசைந்து போகிறது என்பது என் கருத்து. உங்கள் நாடகம் இராணுவத்தைப் பாராட்டுகிறதா, கேள்வி கேட்கிறதா என்பது 168-வது பிரிவுக்குத் தேவையற்ற விஷயம்.

இத்தனையும் சொன்ன பிறகு, உண்மையில் என்னைக் கவலைப்படவைக்கும் போலிகள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மாடி வீட்டை வாடகைக்கு விட ஒரு விளம்பரத் தளத்தில் போட்டிருந்தார். ஒருவர் அழைத்து, தமிழிலேயே, "நான் ஆர்மியில் இருக்கிறேன் அம்மா, பெங்களூருக்கு டிரான்ஸ்ஃபர் வந்திருக்கிறது" என்றார். சீருடையில் எடுத்த படம், கேன்டீன் கார்டு, ஆதார் எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தன. இராணுவக் கணக்கிலிருந்து முன்பணம் வரும், சரிபார்ப்பதற்காக இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள் என்றார். அம்மையார் ஸ்கேன் செய்தார். பின் நம்பரையும் அழுத்தினார். பணம் வரவில்லை, போனது. என்னிடம் வந்தபோது அவர் அந்தப் படத்தைத்தான் காட்டினார்: மீசையும் நெற்றியில் விபூதிக் கீற்றுமாக ஒரு இளைஞன். "இந்த முகத்தைப் பார்த்துச் சந்தேகப்படத் தோன்றவில்லை" என்றார். பெரும்பாலும் அது வேறெங்கோ உண்மையாகப் பணிபுரியும் ஒரு ஜவானின் திருடப்பட்ட படமாக இருக்கும். அவருக்கு இது தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. இங்கே உடை அணியப்படவே இல்லை, எனவே 168-வது பிரிவு பொருந்தாது. பொருந்துபவை 318, 319, அவற்றோடு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி (அடையாளத் திருட்டு), 66டி (கணினி வழி ஆள்மாறாட்ட மோசடி). 2015-ல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் பேச்சுரிமைக்கு எதிரானதென்று உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவை நீக்கியபின்னும், ஆள்மாறாட்ட மோசடிக்கான 66டி அப்படியே இருக்கிறது. அதில் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பணம் போன உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். நேரம் போகப் போகப் பணத்தை வழியில் நிறுத்தும் வாய்ப்பு குறையும்.

இவற்றுக்கு நடுவில் ஒரு சாம்பல் நிலம் இருக்கிறது. ஆதாயம் எதையும் பெறாமல், சமூக ஊடகத்தில் தன்னை வீரர் என்று சொல்லிக்கொண்டு அரசியல் பேசுகிறவர்கள். உண்மையான வீரருக்கு அந்த உரிமை இல்லை. அரசியலமைப்பின் 33-வது உறுப்பும், 1950-ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தின் 21-வது பிரிவும் அவருடைய பேச்சுரிமையை வெகுவாகக் குறுக்குகின்றன. என் தந்தை பணியில் இருந்தவரை அரசியல் கூட்டம் ஒன்றுக்கும் போனதில்லை, பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதியதில்லை. அவர் வாய் மூடிக் காத்த மதிப்பை இன்னொருவர் இரவல் வாங்கிப் பேசுவது எனக்கு மிகுந்த மனவேதனை தருவது. ஆனாலும் அதைத் தனிக் குற்றமாக்கும் சட்டம் வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். பொய்த் தகவலால் படையினரிடையே கலகத்தையோ மக்களிடையே பீதியையோ தூண்டினால் நியாய சன்ஹிதாவின் 353-வது பிரிவு இருக்கிறது. அதற்குக் கீழே இருக்கும் வெறும் தற்பெருமைப் பொய்யைச் சிறைக்கு அனுப்பத் தொடங்கினால், நாளை எது பொய் என்று முடிவு செய்யும் அதிகாரம் யார் கையில் இருக்கும் என்ற கேள்வி வந்துவிடும். அதேபோல், தெருவில் ஒருவரை வளைத்து, "போலி ஜவான்" என்று வீடியோ எடுத்துப் பரப்புவதும் சரியில்லை. சந்தேகம் வந்தால் 112-ஐ அழைக்கலாம், அருகில் இராணுவ வளாகம் இருந்தால் வாயிற்காவலரிடம் தகவல் சொல்லலாம்.

உங்கள் குழுவுக்கு: அடுத்த முறை வாடகைக் கடையில் தற்போதைய புள்ளிச் சீருடை வகையைத் தவிர்த்து, பழைய ஆலிவ் பச்சை உடையை எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான படைப்பிரிவின் பேட்ஜையோ ரிப்பனையோ குத்தாதீர்கள். பார்வையாளருக்கு அதனால் எந்த இழப்பும் இல்லை. குழுவின் பெயர் எழுதிய பதாகை ஒன்று எப்போதும் பின்னால் இருக்கட்டும். நாடகம் நடக்கும் இடமும் நேரமும் குறிப்பிட்டு உள்ளூர்க் காவல் நிலையத்தில் முன்கூட்டியே கடிதம் கொடுத்து, அதன் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பொது இடத்தில் கூட்டம் கூட்ட அனுமதி தேவைப்பட்டால் அதையும் அப்போதே கேட்டுவிடலாம். ஏரிக்கரையில் எம்.இ.ஜி. வளாகத்தின் வாயில்கள் இருப்பதால், உடையோடு அந்தப் பக்கம் நடக்கவே நடக்காதீர்கள். அலுவல் இரகசியச் சட்டத்தில் இராணுவ வளாகம் தடைசெய்யப்பட்ட இடம், அங்கே உங்கள் விளக்கத்தை முதலில் கேட்கப்போவது நீதிபதியில்லை. ஆட்டம் முடிந்த இடத்திலேயே சட்டையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துவிடுங்கள், வண்டியில் ஏறுவதற்கு முன்.

யாராவது மீண்டும் நிறுத்தினால் வாக்குவாதம் வேண்டாம். கடிதத்தின் நகலைக் காட்டி, எந்தப் பிரிவு என்று பணிவாகக் கேளுங்கள். 168 என்று சொன்னால், அது ஜாமீனில் விடத்தக்கது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, நாடகத்தின் வீடியோவைப் பத்திரப்படுத்துங்கள். உள்நோக்கம் இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அந்த டீக்கடைக்காரருக்கு இரண்டு டீக்கான காசையும், யார் நீங்கள் என்ற உண்மையையும் இந்த ஞாயிற்றுக்கிழமையே கொடுத்துவிடுங்கள், நாடகம் தொடங்குவதற்கு முன்பாக.